ஆயிரம் உள்ளான்களை எண்ணுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன ஐப்பசியில் முதல்முறையாகக் கோடியக்கரைக்குப் போனேன். சதுப்பு முழுக்கச் சின்னச் சின்ன உள்ளான் பறவைகள். எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்டுவதற்குள் மொத்தக் கூட்டமும் எழும்பி வேறு இடத்தில் இறங்கிவிட்டது. நோட்டில் 'ஏராளம்' என்று எழுதிவிட்டு வந்தேன். இவற்றை நிஜமாகவே எண்ண முடியுமா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: முடியும். ஆனால் 'ஏராளம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அடுத்த வருடம் அங்கே வருகிறவருக்கு அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முந்நூறு என்று எழுதியிருந்தால், அதில் ஐம்பது கூடக் குறைய இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கிடைக்கும்.

நூறு பறவை வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்கு மேல் போனால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த இடத்தையே அளவுகோலாக வைத்துக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்து, இருபது, முப்பது என்று நகருங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது ஐம்பதாக, நூறு நூறாக. நடுவில் நெருக்கியடித்து நிற்கும், ஓரத்தில் விட்டுவிட்டு நிற்கும், அதனால் அளவை இரண்டு இடத்திலும் எடுத்துப் பாருங்கள். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் கலந்து நின்றால் மொத்தத்தை முதலில் முடித்துவிட்டு, அதில் ஒரு நூறில் எது எத்தனை என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக எண்ணுகிறவர்கள் பெரிய கூட்டத்தை அநேகமாகக் குறைத்தே மதிப்பிடுவார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஒரு போட்டோ எடுத்து வீட்டில் உட்கார்ந்து புள்ளி வைத்து எண்ணிப் பாருங்கள், நாலைந்து தடவையில் கண் பழகிவிடும்.

கூட்டம் ஏன் எழும்பியது என்று கவனித்தீர்களா? பூனைப்பருந்து தாழப் பறந்து வந்திருந்தால் சரி, அது அவற்றின் அன்றாடப் பாடு. நீங்கள் கிட்டே போனதால் எழும்பியது என்றால், தயவுசெய்து அடுத்த முறை தள்ளியே நில்லுங்கள். கொசு உள்ளான் சுமார் 25 கிராம்தான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்து இறங்கி, கரைந்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை வீணாகப் பறக்க வைப்பது எனக்கு மனசு கேட்பதில்லை.

இன்னொன்று, காலில் வளையமோ எழுத்துப் போட்ட வண்ணக் கொடியோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வலைகட்டிப் பிடித்து வளையமிட்டு விட்டிருக்கிறார்கள். உங்கள் எண்ணிக்கையை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிவிடும் 'இ-பேர்ட்' இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். இப்படிப் பல நாட்டுக் கரைகளில் எண்ணி எண்ணித்தான் வளைமூக்கு உள்ளான் குறைந்துவருவது தெரிந்தது, 2024இல் அதை உலக அளவில் அழியும் அபாயமுள்ள இனங்களில் சேர்த்தார்கள்.

கேள்வி: எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: விடிவதற்கு முன்னால். காட்டுப் பக்கம் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கிற நேரம், அதுவும் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவைதான், பட்டியலில் முதலில் எழுதுங்கள். சதுப்பில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பாகத்தான் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கானல் அலையடிக்கும், தொலைவில் கால் எது தண்ணீர் எது என்று புரியாது. கடற்கரையில் எண்ணுவதாக இருந்தால் கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், சேறு மூழ்கிவிடுவதால் சிதறி மேய்ந்தவை எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கும்.

கேள்வி: அந்த வருடம் பிறந்த உள்ளான் குஞ்சுகள் இங்கே வர யார் வழி காட்டுவார்கள்? (ஏழாம் வகுப்பு மாணவர், திருத்துறைப்பூண்டி)

பதில்: யாருமில்லை தம்பி. வளைமூக்கு உள்ளானில் அப்பா பறவைகள் ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும், அம்மாக்கள் சில வாரம் கழித்து. குஞ்சுகள் இறக்கை முற்றிய பிறகு தாங்களாகவே புறப்பட்டு, பார்த்தே இராத ஊர்களைத் தேடி வருகின்றன. திசை பிறவியிலேயே இருக்கிறது. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் வைத்து அதைப் பிடித்துக்கொள்கின்றன.

அவற்றை நீயும் அடையாளம் காணலாம். முதுகு இறகுகள் புதிதாக, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர்க்கோடு போட்டு, மீன் செதில் மாதிரி அடுக்காகத் தெரியும். நூறு வளைமூக்கு உள்ளான்களில் இப்படி எத்தனை என்று தனியாக எண்ணு. சைபீரியாவில் லெம்மிங் என்ற எலி போன்ற பிராணி குறைகிற வருடத்தில் நரிகள் பசியில் உள்ளான் கூடுகளைத் தேடித் தின்றுவிடும், அந்த வருடம் நம் ஊருக்கு இளசுகள் கொஞ்சம்தான் வரும். இந்த இறகு போகப் போக உதிர்ந்து சாம்பல் நிறம் வந்துவிடும், அப்புறம் பெரியவற்றிலிருந்து பிரிப்பது கஷ்டம், அதனால் பொங்கல் லீவுக்குக் காத்திருக்காமல் ஐப்பசியிலேயே வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ.