வடக்குப் பார்த்த பால்கனி, வெயில் வராது: தொட்டியில் என்ன கொடி வைக்கலாம்?

வெயில் எட்டிக்கூடப் பார்க்காத வடக்குப் பால்கனி, தொட்டியில்தான் வைக்க முடியும், கொடி படர வேண்டும், பூத்தால் ரொம்ப நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பூ ஆசையை மட்டும் விட்டுவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

எனக்கும் வடக்குப் பால்கனிதான். என் மச்சான் ஒரு நாள் தொட்டி நிறையப் பூத்துக் குலுங்கும் காகிதப்பூ கொண்டுவந்து வைத்தார். "மச்சான், இது வெயில் செடி, உங்க மொட்டை மாடிக்கே எடுத்துட்டுப் போங்க" என்று அப்போதே சொன்னேன். "தண்ணி ஊத்தினா எதுவும் வரும்" என்றார். இருந்த நிறமெல்லாம் கொட்டியது, அப்புறம் முள்ளும் வெளிறிய இலையுமாக ஒல்லிக் குச்சிகள் கம்பிக்கு வெளியே வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போயின, ஒரு மொட்டுகூட இல்லை. கடைசியில் எனக்குக் கைராசி இல்லை என்று தீர்ப்புச் சொல்லி அதைத் தன் மாடிக்கே எடுத்துப்போனார். இப்போது அங்கே பூத்ததும் எனக்குப் படம் அனுப்புகிறார். பூக்காமல் என்ன செய்யும், வெயிலில் அல்லவா இருக்கிறது! மல்லி, சங்குப்பூ, ரங்கூன் மல்லி எல்லாமே இதே கதைதான். நிழலில் செத்துவிடாது, ஆனால் பூக்காது.

முதலில் உங்கள் நிழல் எந்த அளவு என்று பாருங்கள். நடுப்பகலில் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டினால் மங்கலாகவாவது கையின் நிழல் விழுகிறதா? விழுந்தால் போதும். நிழலே விழவில்லை என்றால் அந்த மூலையில் செடி வேண்டாம், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஊர் என்றால் ஜூன் மாதத்தை ஒட்டிச் சூரியனே வடக்குப் பக்கம் வந்துவிடும், அப்போது சில வாரம் நேர் வெயில் அடிக்கும். அந்த நாட்களில் தொட்டியைச் சற்று உள்ளே தள்ளிவைக்க வேண்டும், நிழலில் வளர்ந்த இலை சட்டென்று கருகிவிடும்.

இனி செடி. மணிபிளான்ட், அதன் சொந்தக்காரக் கொடிகளான பிலோடெண்ட்ரான், சிங்கோனியம், மான்ஸ்டெரா. "இதைச் சொல்லவா இவ்வளவு பேச்சு, மணிபிளான்ட் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது, பாட்டிலில் தொங்கிக்கொண்டு. காட்டில் இவை மரத்தடி இருட்டில் ஆரம்பித்து மரத்தைப் பிடித்து ஏறுகிறவை. மான்ஸ்டெரா இனம் ஒன்றின் நாற்று வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கியே ஊர்ந்துபோய் மரத்தைக் கண்டுபிடிக்கிறது என்று 1975-இல் ஆய்வே வந்திருக்கிறது. எல்லாக் கொடியும் அப்படி என்று நான் சொல்லவில்லை.

மணிபிளான்டின் கணுவை உற்றுப் பாருங்கள், பழுப்பாக ஒரு சின்ன முண்டு இருக்கும். அதுதான் வேர். வழவழப்பான குழாயில் அது பிடிக்காது. தென்னை நார் சுற்றிய கம்பை நட்டு, கணு அதன்மேல் படும்படி கட்டி, நாரை ஈரமாக வைத்திருந்தால் முண்டு நீண்டு நாருக்குள் புகுந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும். வெள்ளை வரி போட்ட ரகம் நிழலில் மெதுவாகத்தான் வளரும், முழுப் பச்சையே வாங்குங்கள்.

நிழல் தொட்டிகள் தாகத்தால் சாவதைவிடத் தண்ணீரால் சாவதுதான் அதிகம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடியில் ஜல்லி போடாதீர்கள். மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும், அதனால் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். "நாங்கள் ஜல்லி போட்டுத்தான் வளர்க்கிறோம்" என்று யாராவது வருவார்கள். வளரட்டும், அவர்கள் அளவாக ஊற்றுகிறவர்களாக இருக்கும்.

தட்டு கட்டாயம் வையுங்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இரண்டு சொட்டு கீழே விழுந்ததற்கு எனக்கு நோட்டீஸ் வந்தது. அதைக் கொடுத்த செயலாளரின் செருப்பு அலமாரி பொது நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்கு மட்டும் விதி கிடையாது.

சரி, பூ வேண்டும்தான் என்றால், குளிர்ந்த ஊராக இருந்தால் ஏறும் வகை ஹைட்ராஞ்சியா இருக்கிறது, வடக்குச் சுவரிலும் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் பெரிய தொட்டி வேண்டும், முதல் சில வருடம் அசையாமல் முரண்டு பிடிக்கும். உறைபனி விழும் ஊரில் மணிபிளான்டை வெளியே விடாதீர்கள், அங்கே சுவரில் ஒட்டிப் படரும் ஐவிக் கொடிதான். வெப்பமான ஊரில் மெழுகில் செய்ததுபோல் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹோயாக் கொடி வைக்கலாம், நல்ல வெளிச்சமுள்ள நிழல் என்றால் மட்டும். பூ உதிர்ந்த பிறகு காம்பை வெட்டாதீர்கள், அதே காம்பில்தான் மறுபடி பூக்கும்.

வீட்டில் கைக்குழந்தையோ பூனையோ இருந்தால் மேலே சொன்ன மணிபிளான்ட் வகையறா எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இலையைக் கடித்தால் வாய் எரியும்.