தேய்ந்த காசின் எடை

அன்புள்ள ஐயா,

நாணயக் கண்காட்சி ஒன்றில் முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகளைப் பார்த்தேன். அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. சூரியன், மலை, யானை என்று சில குறிகள் மட்டும். இவற்றை வைத்து அந்தக் காலப் பொருளாதாரத்தை எப்படி அறிய முடியும்? ஒன்று வாங்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஏன் கூடாது என்று சொன்னாலே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள பழைய நகரமான தட்சசீலத்தின் பீர் மேடு என்ற இடத்தில் 1924-ல் ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள், கூடவே அலெக்சாண்டரின் காசுகள் இரண்டு, அவருக்கு அடுத்து வந்த பிலிப் அரிடேயசின் காசு ஒன்று. கிரேக்கக் காசுகள் தேயாமல் புதிதாக இருந்ததால், கிமு 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் புதைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

கணிதப் பேராசிரியரான டி. டி. கோசாம்பி இந்தக் காசுகளின் எடையை ஆராய்ந்தார். முன்பக்கத்து ஐந்து குறிகள் காசு வெளியானபோது அடித்தவை. பின்பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள், ஒரு காசில் ஒன்றிரண்டு, இன்னொன்றில் நிறைய. பின்குறிகள் கூடக் கூடச் சராசரி எடை சீராகக் குறைவதை அவர் கண்டார். அதாவது காசு கைமாறித் தேய்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைச் சோதித்து ஒரு குறி அடிக்கிறார்கள். அடித்தவர்கள் வணிகர்களே என்பது அவர் முடிவு. எனக்கு இது பெரிய வியப்பு. காசின் தரத்தைத் தாங்களே காத்துக்கொண்ட ஒரு வணிகச் சமூகம், எந்த ஏடும் இல்லாமல், தேய்மானத்திலிருந்து வெளியே வருகிறது!

மௌரியர் காலக் காசுகளில் செம்பு கூடுகிறது, எடையும் முன்போல ஒரே சீராக இல்லை. அர்த்தசாஸ்திரமே ‘பணம்’ என்ற வெள்ளிக் காசில் கால் பங்கு செம்பு சேர்க்கச் சொல்கிறது. கோசாம்பி இதை அரசின் பண நெருக்கடியாகப் பார்த்தார். வணிகம் விரிந்த அளவுக்கு வெள்ளி கிடைக்காததும் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்திலும் உண்டு. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரைக் காசுகளின் பின்பக்கம் மீன் போன்ற குறி இருப்பதால், அவற்றைப் பாண்டியர் வெளியீடாகக் கருதுகிறார்கள்.

இதெல்லாம் சராசரிக் கணக்கு. புதையல் முழுதாக இருந்தால்தான் நடக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றுவிட்டால் எது எதோடு கிடந்தது என்பதே போய்விடும். அந்த இழப்பு எனக்கு ஆறவே ஆறாது. ஒரு காசின் முழு எடையே ஏறத்தாழ மூன்றரை கிராம்தான். தேய்மானம் அதில் ஒரு துளி. புளி போட்டுத் தேய்த்தால் அந்தத் துளிக் கணக்கு கெட்டுவிடும்.

வாங்குவதானால் எங்கே கிடைத்தது என்று முதலில் கேளுங்கள். அப்புறம், யாராவது நிலத்தில் புதையல் கண்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பானையோடு, கழுவாமல்.