என் வீட்டு மதிலுக்கும் வாக்கெடுப்பா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் எல்லா மதிலுக்கும் ஒரே நிறம் பூச வேண்டுமாம். எனக்கு நீலம்தான் பிடிக்கும். பெரும்பான்மைக்குப் பணியத்தான் வேண்டுமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டாம், தங்கச்சி. சில விசயங்கள் அவரவர் பாடு. ஆனால் எல்லோரும் ஒருமித்துச் சொன்னால்? அங்கேதான் சிக்கல். அவரவர் உரிமையையும் எல்லோரும் ஒருமித்து விரும்புவதையும் எப்போதும் சேர்த்துக் காக்க முடியாது என்று 1970இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் நிறுவிக் காட்டினார்.

ஒரு போத்தல் பனங்கள்ளு, அண்ணன், தம்பி என்று வையுங்கள். அண்ணனுக்கு அதைக் கொட்டிவிடுவதே நல்லது. இல்லையென்றால் தம்பி கெடுவதைவிடத் தானே குடித்துத் தொலைக்கலாம். தம்பிக்கோ, இறுகிப்போன அண்ணன் ஒரு மிடறாவது குடிக்க வேண்டும், அடுத்தது தான் குடிப்பது, கொட்டுவது கடைசி. அண்ணன் குடிப்பதா, கொட்டுவதா? அது அண்ணன் உரிமை: கொட்டு. தம்பி குடிப்பதா, கொட்டுவதா? அது தம்பி உரிமை: குடி. ஆனால் தம்பி குடிப்பதைவிட அண்ணன் குடிப்பதையே இருவரும் விரும்புகிறார்கள்! எதைத் தேர்ந்தாலும் அதைவிட மேலான ஒன்று எதிரே நிற்கும்.

நான் உரிமையின் பக்கம். அந்த ஒருமித்த விருப்பமே மற்றவன் வாழ்க்கைக்குள் கைவைக்கும் ஆசையில் பிறந்ததுதானே. ஐப்பசி மழைக்கு முன்னம் நீலத்தைப் பூசிவிடுங்கள். மதிலோரம் வெள்ளவாய்க்கால் போனால் அதை மட்டும் ஒழுங்கையோடு பேசுங்கள், அது எல்லோருடையதும்.