வீகனா, அசைவமா? உணவியலாளரிடம் கேள்வி பதில்

கேள்விகளுக்கு முன்னால் இரண்டு விஷயம். நான் மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்கிறவள். டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தரமாட்டேன். மிருகவதை, சுற்றுச்சூழல் இரண்டும் பெரிய விஷயங்கள்தான். இன்றைக்கு உடம்பைப் பற்றி மட்டும்.

கேள்வி: மேடம், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வீகனா, அசைவமா, எது ஆரோக்கியம்?

பதில்: சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சுமார் 48,000 பேரை 18 வருடம் பின்தொடர்ந்து 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சைவர்களுக்கும், பால், முட்டைகூடத் தொடாத வீகன்களுக்கும் (இருவரையும் சேர்த்தே எண்ணினார்கள்) இதய ரத்தக்குழாய் நோய் அசைவர்களைவிட 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். வீகன் நண்பர்கள் முதல் வரியைப் பிடித்துக்கொண்டார்கள், அசைவ நண்பர்கள் இரண்டாவதை. ஆள்கணக்கில் பார்த்தால் 1000 பேரில் 10 வருடத்தில் இதயநோய் 10 பேருக்குக் குறைவு, பக்கவாதம் 3 பேருக்கு அதிகம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாமிசம் வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் சிகரெட்டையும் தொடமாட்டார், எடையும் கட்டுக்குள் இருக்கும். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், ஆனால் மிச்சமில்லாமல் கழிக்க முடியாது.

எனக்கு அதைவிட உதவுவது ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சுகாதாரப் பணியாளர்கள் சாப்பிட்டதை எடுத்து, தாவர உணவையே இரண்டாகப் பிரித்தார்கள். முழுதானியம், காய், பழம், பருப்பு, கொட்டை ஒரு பக்கம். தீட்டிய மாவு, சர்க்கரை பானம், இனிப்பு, வறுவல் மறுபக்கம். முதல் பக்கம் அதிகம் சாய்ந்தவர்களுக்கு இதயநோய் 25 சதவீதம் குறைவு, இரண்டாம் பக்கம் சாய்ந்தவர்களுக்கு 32 சதவீதம் அதிகம். இரண்டுமே தாவரம்தான்! அதனால் என் முன்னால் வந்து உட்காருகிறவரிடம் மாமிசத்தை விட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. விட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்றுதான் கேட்பேன்.

கேள்வி: ஸ்பைருலினா (பாசிப் பொடி) சாப்பிடுகிறேன். வைட்டமின் பி12-க்கு அது போதும்தானே அக்கா?

பதில்: போதாது. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. உருவம் ஒத்திருக்கும், நம் உடம்பில் வேலை செய்யாது. பி12-ஐத் தாவரமும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது, நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. மாட்டின் இரைப்பையில் அவை வாழ்வதால் இறைச்சிக்கும் பாலுக்கும் வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் ஒரு தடவைக்குக் குடல் முறையாக உறிஞ்சுவது 2 மைக்ரோகிராம் வரைக்கும்தான், அதற்கு மேல் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும். வாரம் ஒருமுறை மாத்திரையில் 2000 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தினமும் போட்டால் 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை போட்டால் 2000. பி12 சேர்த்த உணவைத் தவறாமல் சாப்பிடுவதும் ஒரு வழி. வேறு வழி கிடையாது.

கேள்வி: மாமிசம் இல்லாமல் புரதம் எங்கிருந்து வரும்?

பதில்: பருப்பு, பயறு, சோயா, கொட்டைகள். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்பது பொதுக்கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். தானியத்தில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது நிறைய. ஒரே வேளையில் இரண்டையும் பிசைந்து தின்ன வேண்டும் என்பது பழைய பயம், நாள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கு சரியாக இருந்தால் போதும். வயதானவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடவே வேண்டும்.

கேள்வி: மேடம், வீகன் ஆனால் புரதம் குறையாதா?

பதில்: மேலே.

கேள்வி: சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையுமாமே?

பதில்: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: இரட்டையர் ஆய்வு வந்த பிறகும் இந்த விவாதம் எதற்கு? வீகன் ஜெயித்துவிட்டது.

(இதற்குப் பதில் எழுதுவதற்குள் இன்னொருவர் குறுக்கிட்டார்: "8 வாரம், 22 ஜோடி. இதை வைத்து ஆயுளுக்கும் முடிவு கட்டுவதா? எடை குறைந்ததால் கொழுப்பு குறைந்தது, அவ்வளவுதான்." முதலாமவர்: "ஒரே மரபணு! இதைவிட என்ன வேண்டும்?")

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். தெரியாதவர்களுக்காக: ஸ்டான்ஃபோர்டில் 22 ஜோடி ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்கு வீகன், மற்றவருக்கு அசைவமும் கலந்த உணவு, 8 வாரம். 2023-இல் முடிவு வந்தது. வீகன் பக்கத்தில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் மற்றவரைவிட டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவுக்குக் கூடுதலாக இறங்கியது, எடையும் 2 கிலோ அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எதிர்ப்பக்கத்துக்கும் நல்ல சாப்பாடுதான், காய்கறியும் முழுதானியமும் நிறைய. அப்படியும் வித்தியாசம் வந்தது.

எடைதான் காரணம் என்ற வாதம் பாதி சரி. மீதிப் பாதி கல்லீரலில் இருக்கிறது. நிறைகொழுப்பு (மாமிசம், வெண்ணெயில் நிறைய இருப்பது) அதிகமானால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்ளும். கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைக் கட்டிக்கொண்டு வெளியே போகும். புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுக்கும். வீகன் தட்டில் இரண்டும் நமக்குச் சாதகமாகத் திரும்புகின்றன.

("அப்படியானால் ஒத்துக்கொள்கிறீர்கள்!" என்றார் முதலாமவர்.)

எல்டிஎல் விஷயத்தில், ஆமாம். ஆனால் தேங்காய் எண்ணெயும் வீகன்தான், அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. அதிலேயே எல்லாவற்றையும் பொரித்துத் தின்றுவிட்டு, மாமிசம் விட்டும் கொழுப்பு இறங்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. 8 வாரத்தில் பி12 குறைவு ரத்தத்திலேயே பெரிதாகத் தெரியாது, எலும்பு தேய்வதும் தெரியாது. அதனால் இரண்டாமவர் சொல்லும் கால அளவுப் புகாரும் நியாயமே.

("மனிதக் குடல் மாமிசத்துக்காகவே..." என்று ஆரம்பித்தவருக்கும், "கோரைப்பல் எங்கே?" என்று திருப்பிக் கேட்டவருக்கும்: நம் குடலில் சிறுகுடல் பெரிய பங்கு, சிம்பன்ஸியிடம் பெருங்குடல் பெரிய பங்கு, அதாவது நாம் இலைதழைக்கு மட்டும் அமைந்தவர்கள் அல்ல. அதற்காக ஆதிமனிதனின் சாப்பாட்டை வைத்து எழுபது வயது ரத்தக்குழாயின் நிலையைச் சொல்ல முடியாது. இந்தச் சண்டை இத்துடன் போதும்.)

கேள்வி: மூன்று வருடமாக வீகன். பி12 போட்டதே இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: உங்கள் கல்லீரலில் பழைய சேமிப்பு இருந்திருக்கும், அது சில வருடம் தாங்கும். தீரும்போது ரத்தசோகை முதலில் வந்தாலாவது தெரிந்துவிடும். காய்கறியில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால் ரத்தசோகை மறைந்தே இருக்கலாம், நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். கால் மரத்துப்போய் ஆலோசனைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தாமதமானால் முழுதும் திரும்பாது. அசைவர்கள் சிரிக்க வேண்டாம்: சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாக எடுக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதே குறை வரும்.

கேள்வி: இரும்புச்சத்து எப்போதும் குறைவாகவே இருக்கிறது. மாமிசத்துக்கே திரும்பலாமா?

பதில்: திரும்பினால் வேகமாக ஏறும், மறுக்கவில்லை, மாமிசத்தின் ஹீம் இரும்பு எளிதாக உள்ளே போகும். திரும்ப விருப்பமில்லை என்றால் முதலில் டீயையும் காபியையும் சாப்பாட்டோடு குடிப்பதை நிறுத்துங்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி. பருப்போடு எலுமிச்சை, கொய்யா, குடைமிளகாய் என்று வைட்டமின் சி சேருங்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, வேறு எங்காவது ரத்தம் போகிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீகன்களுக்கு எலும்பு முறியும் என்கிறார்களே?

பதில்: அதே எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு, 2020: வீகன்களுக்கு மொத்த எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம், இடுப்பு முறிவு 2.3 மடங்கு. ஒல்லியான உடம்பு, கால்சியக் குறைவு, புரதக் குறைவு எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதை வீகன்கள் அசட்டையாக விடக்கூடாது. பசலைக்கீரையில் கால்சியம் இருக்கிறது என்று நம்பாதீர்கள், அதைக் கட்டிவைக்கும் ஆக்ஸலேட் காரணமாக 5 சதவீதம்தான் உடம்பில் சேரும். கால்சியம் சேர்த்துச் செய்த டோஃபு (சோயா பனீர்), கால்சியம் கலந்த சோயா பால் நம்பகமானவை. வைட்டமின் டி-யும் பாருங்கள், எடை தூக்கிப் பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: சிறுநீரகம் பாதித்திருக்கிறது. வீகனுக்கு மாறலாமா?

பதில்: பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவு தெரியாமல் இங்கே ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கழுவாத காய்கறியில் பி12 உண்டாமே?

பதில்: மாத்திரை. காயைக் கழுவுங்கள்.

கேள்வி: மாமிசமும் சிகரெட்டும் ஒரே பிரிவு என்று உலகப் புற்றுநோய் அமைப்பே சொன்னதே?

பதில்: 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி பதப்படுத்திய மாமிசத்தைத்தான் சிகரெட் இருக்கும் முதல் பிரிவில் வைத்தது, சிவப்பு மாமிசத்தை ஒரு படி கீழே. பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய மாமிசத்துக்குப் பெருங்குடல் புற்று ஆபத்து 18 சதவீதம் கூடும். அவர்கள் அப்போது எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, உலகில் வருடத்துக்குப் பதப்படுத்திய மாமிசத்தால் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் பத்து லட்சம். இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: எனக்கு மாமிசத்தை விட மனமில்லை. எதையாவது மாற்றச் சொன்னால் முதலில் எதை?

பதில்: சாசேஜ், பேக்கன், ஹாம் வகைகளை முதலில் நிறுத்துங்கள். சிவப்பு மாமிசம் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும். குறைத்த நாட்களில் அந்த இடத்துக்குப் பயறோ மீனோ வரட்டும், வறுவல் பாக்கெட் வேண்டாம். நெருப்பில் நேராக வாட்டுவதைவிடத் தண்ணீரில் வேகவைப்பது மேல், கருகிய ஓரங்களை வெட்டிப் போட்டுவிடுங்கள்.