கூட்டம் இருந்தும் ஏன் யாரும் உதவ முன்வருவதில்லை?

பஸ் நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஏன் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள், நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரம் இருக்கிறது, பொறுப்புதான் பலருக்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. பார்வையாளர் விளைவு என்பது இதுதான்.

போன மாதம் ஓர் இரவு எங்கள் தெருவில் மின்சாரம் போனது. தெருவே விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, புகார் எண்ணுக்கு ஒருவருமே போன் செய்யவில்லை என்று. நானும்தான்.

1968இல் பிப் லடானே, ஜான் டார்லி என்ற அமெரிக்க உளவியலாளர்கள், படிவம் நிரப்பிக்கொண்டிருந்த மாணவர்களின் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அசையாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவருடன் உட்கார்ந்தவர்களிலோ வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் எழுதினார்கள்! பக்கத்திலிருப்பவர் பதறவில்லையே, அப்படியானால் ஒன்றுமிருக்காது என்ற நினைப்பு.

ஆகவே ஆபத்தில் "யாராவது வாருங்கள்" என்று கத்துவதைவிட, "நீலச் சட்டை அண்ணா, 108க்கு போன் செய்யுங்கள்" என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லுங்கள்.