தையில் அறும், ஐப்பசியில் ஓடும்

கேள்வி: அக்கா, பத்து வருஷமாக வீட்டு மெஷினில் கம்பளி ஸ்வெட்டர் பின்னுகிறேன். 200 ஊசி மெஷின். சமவெளியில் இருக்கும் மகளுக்கு டாப்ஸ் பின்னலாமென்று தை மாசம் ஒரு லினன் நூல் கோன் வாங்கினேன். மேலே 28 என்று போட்டிருக்கிறது. ஒற்றை இழையில் வலை மாதிரி வருகிறது. நாலு இழை சேர்த்தால் அறுந்து, ஓரக் கண்ணிகள் கொட்டுகின்றன. கோளாறு மெஷினிலா, நூலிலா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டிலும் இல்லை. தை மாசம் என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கம்பளியை ஊசி இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். லினன் ஆளிச் செடியின் தண்டு நார். அது நீளாது, அறும். ஆனால் ஈரம் ஏறினால் அதே நார் வளையும், பலமும் கூடும். உறைபனி விழும் தையில் நம் மலைக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கிறது, நூலை விடுமா? குன்னூரில் என் வீட்டில் தையில் வரிசைக்கு வரிசை அறுந்த கோனை வெறுத்துப்போய்ப் பரணில் போட்டேன். ஐப்பசி மழையில், ஜன்னலுக்கு வெளியே மரமே தெரியாத மூட்டத்தில் எடுத்து ஓட்டினேன். ஒரு இடத்திலும் அறவில்லை.

ஐப்பசிக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். ராத்திரி கோனை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். காலையில் நூலை ஒரு மெழுகுவத்தித் துண்டின் மேல் உரசவிட்டு வேறு கோனுக்குச் சுற்றுங்கள். கையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், விரல் நனையக் கூடாது.

அடுத்தது அந்த 28. அது பருத்தி நம்பர் இல்லை. சிட்டம் என்பது நூலை அளக்கும் ஒரு கட்டு. லினனில் ஒரு சிட்டம் 300 கஜம், பருத்தியில் 840 கஜம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டம் என்பதுதான் நம்பர். கணக்குப் போட்டால் உங்கள் நூல் பருத்தியில் 10-ம் நம்பர் பருமன். உங்கள் மெஷினில் ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இருக்கும், அதற்கு மூன்று இழை போதும். கண்ணியின் அளவை வைக்கும் டயலைக் கம்பளிக்கு வைப்பதைவிட ஒரு எண் கூட்டி, ஊசிகளின் மேல் ஓடும் கேரியேஜை மெதுவாகத் தள்ளுங்கள். துணி ஓரத்தில் தொங்கவிடும் வெயிட்டை அடிக்கடி மேலே ஏற்றி மாட்டினால் கண்ணி கொட்டாது. முடித்ததும் ஊசிகளைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு ஏற நேரமாகாது.

டாப்ஸுக்கு முன் 60 ஊசியில் 80 வரிசைக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து, பிறகு அளவெடுங்கள். அவசரத்தில் நான் அதைச் செய்யாமல் தங்கைக்கு ஒரு மேல்சட்டை பின்னினேன். முதல் துவைப்பில் துணி முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் தொப்புளுக்கு நேரே வந்து நின்றது. அதை அவள் போடவே இல்லை, எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஒரே பக்கம் முறுக்கிய ஒற்றை நூல்களை எத்தனை சேர்த்தாலும் துணி சாயத்தான் பார்க்கும். எதிர்முறுக்குப் போட்ட இரட்டை நூலில் அந்தத் தொல்லை குறைவு. மெஷினோடு மாட்டும் இரண்டாவது ஊசி வரிசையான ரிப்பர் வைத்திருந்தால், ஒரு கண்ணி முன்னே, ஒரு கண்ணி பின்னே என்று ஒன்றுக்கு ஒன்று ரிப் போட்டாலும் சாய்வு தெரியாது.

துவைத்த மாதிரித் துண்டை ஒரு கவரில் போட்டு எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, இந்தக் கோன் டாப்ஸுக்கு ஆகுமா என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.