நாலு வோல்ற் காட்டும், வேலைக்கு நிற்காது

கேள்வி: அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது வேப்பரைசர் எனும் கையடக்க மூலிகை ஆவிக் கருவி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். மூன்று வருடமாகிறது. தடிமன் பிடித்தால் காய்ந்த துளசியும் யூகலிப்டஸ் இலையும் போட்டுப் பாவிப்போம். முன்பு ஒரு சார்ஜில் ஏழெட்டுத் தரம் பாவிக்கலாம். இப்போது நாலு கோடும் பச்சையாக எரிகிறது, ஆனால் சூடாகத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் சிவப்பு மின்னி நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு போன் திருத்தும் கடையில் மீற்றர் வைத்துப் பார்த்து, 4.1 வோல்ற் இருக்கிறது, பற்றரி நல்லது, போட், அதாவது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைதான் பழுது என்றார்கள். இன்னொரு கடையில் லப்ரொப் பற்றரியிலிருந்து எடுத்த அதே அளவான ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கருவியின் அடியில் 30 வாற் என்று எழுதியிருக்கிறது. நானே மாற்றலாமா? எதை வாங்குவது?
– வாசகர், கோண்டாவில்

பதில்: போட் பழுது என்று சொன்னதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே கிழட்டுப் பற்றரியின் குணம். கடையில் பார்த்த 4.1 வோல்ற் பொய்யில்லை. ஆனால் அது பற்றரி சும்மா கிடக்கும்போது காட்டுவது. கட்டையில் நிற்கிற மாட்டைப் பார்த்து அது எத்தனை மூட்டை இழுக்கும் என்று சொல்ல ஏலாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 வாற்றை 3.7 வோல்ற்றால் பிரித்தால் ஏறக்குறைய 8 அம்பியர். பெருவிரல் தடிப்பான ஒரு பற்றரிக்கு இது பெரிய சுமை. ஒவ்வொரு பற்றரிக்குள்ளும் மின்னோட்டத்தை மறிக்கும் அகத்தடை உண்டு. நல்ல புதுப் பற்றரியில் அது 0.02 ஓம் அளவு, 8 அம்பியர் ஓடினால் 0.16 வோல்ற்தான் உள்ளே தொலையும். மூன்று வருடம் வெக்கையில் கிடந்து பாவித்ததில் அது 0.12 ஓம் ஆகியிருந்தால் தொலைவது 0.96 வோல்ற். 4.1 ஆக இருந்தது சுமை ஏறியதும் 3.14 ஆகிவிடுகிறது. வோல்ற் குறைந்தால் அதே 30 வாற்றை எடுக்க இன்னும் கூட அம்பியர் வேண்டும், அம்பியர் கூடினால் வோல்ற் இன்னும் இறங்கும். 3 வோல்ற்றைத் தொட்டதும் பற்றரியைக் காப்பாற்றப் போட் வெட்டிவிடுகிறது. சுமை போனவுடன் பற்றரி மறுபடி 4 வோல்ற்றுக்கு எழும்புகிறது, கோடுகளும் பச்சையாகின்றன. உங்கள் போட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

லப்ரொப் பற்றரி இன்னும் கெதியாக விழுந்ததும் இதனால்தான். அந்தப் பற்றரிகள் புதிதாக இருந்தபோதே 4, 5 அம்பியருக்கு மேல் கொடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. பழசானால் சொல்லத் தேவையில்லை. அளவு ஒன்றுதான், ஆள் வேறு.

எதற்கும் பழைய பற்றரியை ஒருதரம் சோதித்துவிட்டே காசு செலவழியுங்கள். கார் முகப்பு விளக்குக் குமிழ் ஒன்று, 12 வோல்ற் 55 வாற் உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். 4 வோல்ற்றில் அது மங்கலாகத்தான் எரியும், ஆனால் 2.5 அம்பியர் அளவில் இழுக்கும். பற்றரி சும்மா இருக்கும்போது வோல்ற்றைக் குறியுங்கள். குமிழைக் கொளுவிப் பத்து விநாடியில் மறுபடி குறியுங்கள். மீற்றரின் ஊசிகள் பற்றரியின் முனையையே தொட வேண்டும். வயரில் வைத்துப் பார்த்தால் வயரின் இழப்பும் சேர்ந்துவிடும். 0.1 வோல்ற்றுக்குள் இறங்கினால் பற்றரி நல்லது. 0.3 இறங்கினால் அதன் காலம் முடிந்தது. ஒரு கவனம்: மல்ரிமீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்கும்போது பற்றரியின் இரு முனைக்கும் ஊசியை வைக்க வேண்டாம். அது நேரடியாகக் குறுஞ்சுற்று. வோல்ற் துளைக்கு மாற்ற மறந்து, ஊசி நுனியில் பொறி பறந்த பிறகுதான் பலர் இதைப் படிக்கிறார்கள்.

பற்றரி நல்லது என்று வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது, போட் அல்ல, பற்றரி உட்காரும் இடத்தின் சுருளும் தகடும். கடற்காற்று அடிக்கும் ஊரில் அவற்றில் பச்சை பூப்பது வழமை. அந்தத் தொடுகையில் 0.05 ஓம் இருந்தாலும் 8 அம்பியரில் 0.4 வோல்ற் போய்விடும். சுருளும் சூடேறித் தன் விறைப்பை இழக்கும். பென்சில் அழிறப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சுருள் கறுத்துத் தளர்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எதை வாங்குவது

பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் இருப்பது 18650. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், கடைசிச் சைபர் உருளை என்பதைக் குறிக்கும். கடையில் முதலில் காட்டுவது மில்லி அம்பியர் மணிக் கணக்கைத்தான், அதாவது பற்றரி எவ்வளவு கொள்ளும் என்பதை. அதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, இது தொடர்ந்து எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பது. உங்கள் 8 அம்பியர் சுமைக்கு 15 அம்பியராவது கொடுக்கக்கூடியது வேண்டும். சாம்சுங் 25ஆர் 2500 மில்லி அம்பியர் மணி, 20 அம்பியர். சாம்சுங் 30கியூ 3000, 15 அம்பியர். எல்ஜி எச்ஜி2 3000, 20 அம்பியர். இவற்றில் எது கிடைத்தாலும் போதும். 3400 என்று போட்ட பானசொனிக் பச்சைப் பற்றரி அருமையான சாமான்தான், ஆனால் ரோச்லைற்றுக்கு. 5 அம்பியர் அளவுக்கு மேல் அதைக் கேட்கக்கூடாது.

9800, 12000 என்று உறையில் அச்சடித்தவற்றைத் தொடவே வேண்டாம். இந்த அளவுப் பற்றரியில் 3500, 3600ஐத் தாண்டுவதே அரிது. போலியைப் பிடிக்க நல்ல வழி நிறை. உண்மையான 18650 ஏறக்குறைய 44 முதல் 48 கிராம். தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தால் ஐந்தரைப் பவுணுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 30 கிராம் காட்டினால் உள்ளே சின்னப் பற்றரி ஒன்றும் கொஞ்சம் வெறும் இடமும்தான் இருக்கின்றன.

முனை தட்டையானதா, மொட்டுள்ளதா என்று பழையதைக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பாதுகாப்புச் சேர்க்கிற் வைத்த பற்றரி 68 முதல் 70 மில்லிமீற்றர் வரை நீண்டிருக்கும். சிலவேளை மூடி பூட்டாது. பூட்டினாலும் கூடிய அம்பியரில் அந்தச் சேர்க்கிற்றே வெட்டிவிடலாம். கருவியில் ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது.

அண்ணாவிடம் சொல்லி எடுப்பிப்பதானால், கையில் கொண்டுவரும் பையில் மட்டும் வரட்டும். உதிரி லிதியம் பற்றரியை விமானத்தில் பெட்டிக்குள் போட்டு அனுப்ப அனுமதியில்லை. முனைகளுக்கு ரேப் ஒட்டியோ பிளாஸ்ரிக் டப்பாவிலோ வைக்கச் சொல்லுங்கள்.

மாற்றும் வேலை

அடி மூடியைத் திருகினால் பற்றரி கையோடு வரும் கருவி என்றால் இது பத்து விநாடி வேலை. ஒன்றை மட்டும் வடிவாகப் பாருங்கள்: உறை. 18650இன் உடல் முழுவதும், மேல் விளிம்பு உட்பட, எதிர்முனை. நேர்முனைக்கும் அந்த விளிம்புக்கும் இடையில் இருப்பது ஒரு கடதாசி வளையமும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையும்தான். அந்த இடத்தில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் உலோகக் குழாய்க்குள் அதைத் தள்ள வேண்டாம். சூட்டில் சுருங்கும் உறை, தட்டையாக 29.5 மில்லிமீற்றர் அகலமுள்ளது, 72 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, புது வளையம் வைத்து, தலைமயிர் உலர்த்தியின் காற்றால் சுருக்கிவிடலாம்.

உள்ளே வயர் ஒட்டியிருந்தால் வேலை கொஞ்சம் கூட. கருவி தானாக நிற்கும்வரை பாவித்து, ஆறவிட்டுத் திறவுங்கள். வெறுமையாகக் கிடக்கும் பற்றரியில் ஆபத்தும் குறைவு. வயர்கள் இருந்தபடி ஒரு படம் எடுத்துவையுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு வயராக வெட்டி, வெட்டிய நுனிக்கு உடனே ரேப் சுற்றுங்கள். இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டினால் குறட்டின் அலகே குறுஞ்சுற்றாகி, அதில் பள்ளம் விழும்.

புதுப் பற்றரியின் முனையில் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். இந்த இடத்தில்தான் கடைகளிலும் பிழை விடுகிறார்கள். தடித்த உலோக முனை சூட்டை இழுத்துக்கொண்டே போகும், ஈயம் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று அயனை இன்னும் அழுத்துவார்கள். அதற்குள் உள்ளிருக்கும் மெல்லிய பிரிப்புத் தாளும் மேல்மூடியின் அடைப்பும் கெட்டுவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துப் பற்றரி தன்பாட்டில் இறங்கத் தொடங்கும், அல்லது கசியும். நிக்கல் தகட்டைப் பொட்டுவெல்ட் செய்த, அதாவது மெசினால் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த பற்றரியாகவே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த மெசின் வைத்திருப்பவரிடம் அடித்து எடுங்கள். 0.15 மில்லிமீற்றர் தடிப்பு, 8 மில்லிமீற்றர் அகலத் தகடு என்றால் உங்கள் சுமைக்கு இரண்டு படை போடுவது நல்லது. நிக்கல் என்று சொல்லி நிக்கல் முலாம் பூசிய இரும்பும் விற்கிறார்கள்; தகட்டை அரத்தால் கீறி இரவு உப்புத்தண்ணீரில் போடுங்கள், விடிய துருப்பிடித்திருந்தால் அது இரும்பு. வயரை ஒட்டுவது தகட்டின் தொங்கலில், பற்றரியிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி. அயன் 350 பாகை, முதலே ஈயம் பூசிய வயர், இரண்டு விநாடி.

மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர் பற்றரியின் உடலோடு ஒட்டியிருந்தால் அது வெப்ப உணரி. அதை மறந்து வெளியே தொங்கவிட்டால் பற்றரி சூடேறுவது போட்டுக்குத் தெரியாது. வயர் அறுந்தால் சார்ஜே ஏறாது. பெரும்பாலும் 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, நம்மூர் 30 பாகை அறையில் 8 அளவு காட்டும். பழைய இடத்திலேயே கப்டன் எனும் சூடு தாங்கும் ரேப்பால் ஒட்டுங்கள்.

உள்ளே இரண்டு பற்றரி தொடராக இருந்தால், 8.4 வோல்ற் வகை, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே வகை, ஒரே நேரத்தில் வாங்கியது, ஒட்டுமுன் வோல்ற் வித்தியாசம் 0.05க்குள். ஒட்டும் ஒழுங்கு எதிர்முனை, நடு வயர், கடைசியில் நேர்முனை.

பற்றரி உருளையாக இல்லாமல் வெள்ளி நிறப் பொட்டலமாக இருந்தால் அதில் அச்சடித்த எண்ணே அளவு: 103450 என்றால் 10 மில்லிமீற்றர் தடிப்பு, 34 அகலம், 50 நீளம். பசையிலிருந்து கிளப்ப ஸ்குரூட்றைவரால் நெம்ப வேண்டாம். சில துளி அல்கஹோல் விட்டு, நைலோன் நூலை அடியால் கொடுத்து அறுத்தெடுங்கள். உப்பிய பொட்டலத்தை அழுத்தித் தட்டையாக்கப் பார்ப்பது தீயோடு விளையாடுவது.

எல்லாம் ஒட்டி மூடுமுன் மீற்றரில் நேர், எதிர் சரியா என்று இரண்டு தரம் பாருங்கள். மாறினால் போட் கண்ணிமைக்குமுன் போய்விடும், அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். சரியாகக் கொளுவியும் கருவி உயிர் காட்டாவிட்டால் பயப்படாதீர்கள். பல பாதுகாப்புச் சேர்க்கிற்றுகள் பற்றரியைக் கழற்றியவுடன் உறங்கிவிடும், சார்ஜரை ஒருதரம் செருகினால் எழும்பும்.

முதல் சார்ஜைச் சீமெந்துத் தரையில், ஆள் பார்த்திருக்கப் போடுங்கள். விறாந்தை நல்லது, மெத்தை கூடாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். இந்தப் பற்றரி தீப்பிடித்தால் தேவை குளிர்விப்பதுதான், நிறையத் தண்ணீர் ஊற்றலாம். புகையை மட்டும் சுவாசிக்காமல் தள்ளி நில்லுங்கள். 1 அம்பியர் சார்ஜரில் மூன்றரை மணித்தியாலம் அளவில் நிரம்பும். நிரம்பியதும் 4.15க்கும் 4.20க்கும் இடையில் நிற்க வேண்டும். 4.25ஐத் தாண்டினால் உடனே கழற்றுங்கள், சார்ஜ் செய்யும் பகுதி பழுது. இளஞ்சூடு இயல்பு. கைவைக்க முடியாத சூடு இயல்பல்ல. யுஎஸ்பி சி துளையுள்ள சில மலிவான கருவிகள், இரு பக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் தடைகள் இரண்டைப் போடாமல் விட்டதால் சார்ஜர் அதை அடையாளம் காண்பதில்லை. பழைய அகலத் தலைக் கேபிளைப் போட்டால் ஏறும். இதையும் பற்றரிப் பழுதென்று எண்ணி மாற்றியவர்கள் உண்டு.

நல்ல பற்றரி போட்டும் இரண்டு நிமிடத்தில் நின்றால், அப்போதுதான் போட்டையோ சூடாக்கும் கம்பியையோ சந்தேகப்பட வேண்டும்.

புதியதும் மூன்று வருடத்தில் இப்படியாகாமல் இருக்க, மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழ் வைக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அது அவியும் இடம். மாதக்கணக்கில் பாவிக்காவிட்டால் பாதிச் சார்ஜில், 3.7, 3.8 வோல்ற்றில் வையுங்கள். யூகலிப்டஸுக்கு 130 பாகை போதும். 200க்கு ஏற்றினால் இலைதான் கருகும், பற்றரியும் வீணாக இளைக்கும். மறந்து கிடந்து 2 வோல்ற்றுக்குக் கீழ் போன பற்றரியை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செப்பு கரைந்து, திரும்ப சார்ஜ் ஏற்றும்போது பிரிப்புத் தாளைத் துளைத்துவிடக்கூடும்.

கழற்றிய பழைய இரண்டையும், அந்த லப்ரொப் பற்றரியையும் சேர்த்துத்தான், அதே கார்க் குமிழில் 3 வோல்ற் வரை இறக்கி, இரு முனைக்கும் ரேப் ஒட்டி, ஒரு கண்ணாடிப் போத்தலில் தனியே வைத்து, மின்னணுக் கழிவு சேர்ப்பவர்களிடம் கொடுங்கள். வளவு கூட்டிப் பனையோலையோடு குவித்துக் கொளுத்தும் குப்பையில் அவை போய்விடாமல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.